ஒற்றைக் குழாயில் ஒரு நாற்பது மீட்டர் ஆன்டெனா

கஜா புயலுக்கு முன்னால் எங்கள் கொல்லையில் இரண்டு தென்னைகள் எதிரெதிரே நின்றன. ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசுவதற்கு, ஆன்டெனா கட்டவென்றே நட்டது போல, நடுவில் இருபத்திரண்டு மீட்டர் இடைவெளி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் இரண்டும் போயின. பட்டுக்கோட்டைப் பக்கம் அன்று யார் கொல்லையில்தான் மரம் நின்றது? மட்டைக் குவியலுக்குள்ளிருந்து வயரை உருவி எடுத்துச் சுருட்டி வைத்தேன்.

இரண்டு உயரமான முனை இல்லாதவனுக்கு இருக்கும் வழி இன்வர்டட் வி. நடுவில் ஒரே கம்பம். உச்சியிலிருந்து வயரின் இரு கைகளும் கூரை போல இரு பக்கமும் சரியும். நான் கட்டியது நாற்பது மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் ஏறக்குறைய நாற்பது மீட்டர்), 7.1 மெகாஹெர்ட்ஸ் குறி வைத்து. கட்டுவதற்கும் கேட்பதற்கும் அவசரப்படலாம். மைக்கை அழுத்த மட்டும் தொலைத்தொடர்புத் துறை தரும் ஹாம் உரிமம் கையில் இருக்க வேண்டும்.

வயருக்கு வெளியூர் போக வேண்டாம். வீட்டு ஒயரிங்குக்கு எலக்ட்ரீஷியன்கள் ‘ஒன் பாயிண்ட் ஃபைவ்’ என்று கேட்டு வாங்கும் சாதாரண செம்பு வயரே போதும். கம்பத்துக்கு ஒரு முழு நீள ஜி.ஐ. குழாய், இருபது அடி. மாடிப்படி அறைச் சுவரில் யூ கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். தரையிலிருந்து உச்சி ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர். குழாயின் தலையில் கொடிக்கம்பத்துக்குப் போடும் சின்ன ராட்டினம் ஒன்றை மாட்டிவிடுங்கள். ஆன்டெனாவை ஒரே நாளில் பத்துத் தடவை இறக்கி ஏற்ற வேண்டிவரும். ராட்டினம் இல்லாவிட்டால் நாலாவது தடவையிலேயே ‘இது போதும்’ என்று மனசு சொல்லிவிடும்.

குழாயைத் தூக்குவதற்கு முன் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், வயர் அறுந்து எங்கே பறந்தாலும், ஈ.பி. லைனைத் தொடாது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் கட்டாதீர்கள்.

நீளக் கணக்கு சுலபம். 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோலின், அதாவது அலைநீளத்தில் பாதியளவான இந்த இரு கை ஆன்டெனாவின், மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20 மீட்டர் 7 சென்டிமீட்டர், அதாவது கைக்குப் பத்து மீட்டரும் கொஞ்சமும். ஆனால் அந்த அளவுக்கு வெட்டாதீர்கள். தையல்காரர் மடிப்புக்குத் துணி விடுவது போல நான் கைக்குப் பத்தரை மீட்டர் விட்டேன். வயர் மேலுள்ள பி.வி.சி. உறை, கைகள் சரியும் கோணம், தரைக்கு எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் சேர்ந்து கணக்கைக் கொஞ்சம் இழுத்துவிடும். நீளமாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். குட்டையானால் ஒட்டுப்போட வேண்டும்.

நடு இன்சுலேட்டருக்கு ஒரு சாண் பி.வி.சி. குழாய்த் துண்டு, முனைகளுக்கும் அதே. ரேடியோப் பெட்டியிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளின் (நடுக்கம்பியைச் சுற்றி வலை உள்ள கேபிள்) நடுக்கம்பி ஒரு கைக்கு, வலை மற்றொரு கைக்கு. இரண்டையும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். வயரின் இழுவை பற்றவைத்த இடத்தில் விழக்கூடாது, குழாய்த் துளையில் போட்ட முடிச்சில் விழ வேண்டும்.

அதற்குக் கீழேயே ஒரு சோக். நாலு அங்குல பி.வி.சி. குழாயில் அதே கோஆக்ஸ் கேபிளை (ஆர்.ஜி. 58 ரகம்) பதினாறு சுற்று, ஒன்றையொன்று ஒட்டினாற்போல, வரிசையாகச் சுற்றுங்கள். ஆறு மீட்டர் கேபிள் பிடிக்கும். இது இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடி, கேபிளே ஆன்டெனாவாகிவிடும். முதல் வாரம் நான் சோம்பல்பட்டுச் சுற்றவில்லை. மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்றது. கூடத்திலிருந்து குரல் வந்தது: “என்னங்க, சீரியல்ல நீங்க பேசுறீங்க!” அன்று மாலையே சுற்றிவிட்டேன்.

கைகளின் முனையில் நைலான் கயிறு கட்டி, ஒன்றை வேம்புக்கும் மற்றொன்றை மதில் மூலைத் தூணுக்கும் இழுத்தேன். முருங்கை பக்கத்திலேயே இருந்தது. அதை நம்பிக் கயிறு கட்டுவார் உண்டா? உச்சியில் இரு கைகளுக்கும் நடுவே நூற்றிருபது பாகை வருமாறு பார்த்துக்கொண்டேன். தொண்ணூறுக்குக் கீழே போனால் கைகள் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். முனைகள் ஆள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பேசும்போது அதிக வோல்ட்டேஜ் நிற்பது அங்கேதான், தொட்டால் சுடும்.

அப்புறம் அளவு. நானோ வி.என்.ஏ. என்ற உள்ளங்கை அளவுக் கருவி இருந்தால் போதும். அதை 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து, கூட வரும் ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று சோதனை முனைகளையும் மாட்டிக் காலிபரேஷன் செய்துவிட்டுத்தான் கேபிளைச் சொருக வேண்டும். தங்கை மகன் கயிற்றைப் பிடிக்க, நான் திரையைப் பார்த்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். கோடு (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது; 1-ஐ நெருங்கினால் நல்லது) 6.6-இல் பள்ளம் போட்டிருந்தது.

“எவ்வளவு மாமா வெட்டணும்?”

இருக்கும் நீளத்தை இருக்கும் அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். பத்தரையை 6.6-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 9.76. கைக்கு 74 சென்டிமீட்டர் குறைய வேண்டும். “வெட்டாதே மாப்ள, மடி” என்றேன். வயரைத் தன் மேலேயே மடித்து டேப் சுற்றினால், வெட்டியதற்கு ஏறக்குறைய அதே பலன்; தப்பானால் பிரித்துக்கொள்ளலாம். முதலில் ஐம்பது, பிறகு பதினைந்து, அதன் பின் விரல் கணக்கில். இரண்டு கையிலும் சமமாக. ஐந்தாவது ஏற்றத்தில் பள்ளம் 7.1-க்கு வந்தபோது கை நீளம் 9 மீட்டர் 78. முதலில் போட்ட 142.5 கணக்கு சொன்னதைவிட ஒரு சாண் குறைவு.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.3. மாப்பிள்ளைக்கு 1.1 ஆக்க ஆசை. நான் விடவில்லை. 1.5 என்றாலே திரும்பி வருவது நூற்றுக்கு நாலு பங்குதான். எதிர்முனையில் கேட்பவர் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு, மீட்டர் முன்பைவிட நன்றாகக் காட்டியது: பேண்ட் முழுக்க 1.3-க்குள். எனக்குப் பெருமை. ஆனால் காலையில் வழக்கமாகப் பேசும் கொச்சி நண்பர் “இன்றைக்கு ஓ.எம். வெளியூரா?” என்று கேட்டார் (ஓ.எம். என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்), அவ்வளவு மெலிந்திருந்ததாம் என் குரல். கேபிளை மேல் முனையில் கழற்றி அப்படியே திறந்து விட்டு, கீழே இருந்து ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியது திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது) பார்த்தேன். ஆறு டி.பி. (டெசிபல்). போக வர இரு வழிக்கும் சேர்த்து இது; அதில் பாதி, மூன்று டி.பி., கேபிளின் ஒருவழி இழப்பு. இருபது மீட்டர் நல்ல ஆர்.ஜி. 58-க்கு இந்தப் பேண்டில் ஒரு டி.பி.கூட வரக்கூடாது. மேல் முனை உறையைக் கீறிப் பார்த்தால் வலை கறுத்து, பிழிந்தால் நீர் கசிந்தது. மூன்று டி.பி. என்றால் சக்தி பாதியாவது: நான் அனுப்பியதில் பாதியைக் கேபிள் தின்றிருக்கிறது. திரும்பி வந்ததிலும் பாதியைத் தின்றிருக்கிறது. அதனால் மீட்டருக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம், மீட்டரும் சந்தோஷப்பட்டது. இப்படிப்பட்ட கேபிளில், மேலே எஸ்.டபிள்யூ.ஆர். 2 இருந்தாலும் கீழே 1.4 என்றுதான் தெரியும்.

அன்றிலிருந்து ஆன்டெனாவைக் காற்றில் விட்டுத்தான் சோதிக்கிறேன். அதற்கு விஸ்பர் (WSPR) என்னும் முறை தோதானது. இயற்பியலில் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்டது. இரட்டைப்படை நிமிடம் தொடங்கியதும் நம் சிக்னல், கால் வாட் போன்ற சிறு சக்தியில், இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். கேட்கும் நிலையங்கள் இணையத்தில் பதிவதால், எங்கெங்கே எந்த அளவில் கேட்டது என்று வரைபடத்தில் வந்துவிடும். ஒரே ஒரு நாள் முடிவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பழைய ஆன்டெனா ஒன்று இருந்தால் சுவிட்ச் போட்டு மாற்றி மாற்றி ஓட்டி, ஒரே நிலையம் இரண்டுக்கும் தந்த எண்ணை ஒப்பிடுங்கள். ஒன்பதரை மீட்டர் உயரம் நாற்பது மீட்டர் அலைக்குக் கால் பங்குகூட இல்லை. அதனால் சக்தி பெரும்பாலும் மேல்நோக்கிப் போய், வானத்தின் அயனி அடுக்கில் பட்டு இறங்கும். பகலில் சென்னை, பெங்களூர், கொச்சிக்கு இது அருமை. ஐரோப்பாவுக்கு ஆசைப்பட்டால் குழாய் இன்னும் உயர வேண்டும்.

புதுக் கேபிளின் மேல் முனையில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன், ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும்படி. முனைக்குச் சற்றுக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். ஐப்பசி பிறக்கும் முன் ராட்டினத்தை இறக்கி டேப்பைப் பார்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மேகம் கறுத்தால் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவோம். இடிச் சத்தம் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. கழற்றும் வேலை மாப்பிள்ளையுடையது. மாடிக் கொடியில் துணி எடுக்கும் வேலை என்னுடையது.