ஒரு நிறத்தை மட்டும் மாற்றப் போய் மொத்த ஷாட்டையும் கெடுக்காதீர்கள்

வீடியோவில் நிறத் திருத்தம் செய்யும்போது, சிவப்புச் சட்டையின் நிறத்தை மட்டும் கொஞ்சம் தூக்கலாம் என்று ஆரம்பித்தால் உதடு, கன்னம் எல்லாம் சேர்ந்து சிவந்துவிடும். உடனே சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) குறைப்பது, ஹியூவை (எந்த நிறம் என்பது) திருப்புவது என்று ஸ்லைடர்களோடு மல்லுக்கட்டுகிறோம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது, நிறத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கும்.

முதல் தவறு, மாஸ்க்கை, அதாவது திருத்தம் எந்தப் பகுதியில் விழும் என்ற தேர்வை, பார்க்காமலே வேலை செய்வது. டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளில் ஹைலைட்டை ஆன் செய்தால் தேர்வான பகுதி மட்டும் நிறத்தோடு தெரியும், மற்றதெல்லாம் சாம்பலாகிவிடும். மற்ற மென்பொருள்களிலும் இதுபோல ஏதாவது ஒரு வசதி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஹியூ, சாச்சுரேஷன், லூமினன்ஸ் (வெளிச்ச அளவு) மூன்றின் எல்லையையும் சரிசெய்யுங்கள். நிறத்தைத் தொட்டு எடுக்கும் ஐட்ராப்பரால் ஒரு கிளிக் செய்துவிட்டு அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது வரிசை. வைட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் சரியாகாத கிளிப்பில் நிறத்தைப் பிரிப்பது வீண் வேலை. லாக்கில் (கான்ட்ராஸ்டைக் குறைத்துப் பதிவு செய்யும் முறை) எடுத்த ஃபுட்டேஜ் என்றால் இன்னும் சிரமம், ஏனென்றால் நிறங்கள் எல்லாம் வெளிறி, ஒன்றுக்கொன்று நெருங்கிக் கிடக்கும். முதலில் சாதாரணக் கான்ட்ராஸ்டுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் தேர்ந்தெடுங்கள். ஆனால் அழுத்தமான லுக் (படத்துக்கான மொத்த நிறப் பாணி) போட்ட பிறகு தேர்ந்தெடுப்பதும் சரிவராது, அங்கே நிறங்கள் ஏற்கெனவே திரிந்திருக்கும்.

மாஸ்க்கின் ஓரங்கள் பிசிறடிப்பதற்குப் பலர் மென்பொருளைத்தான் திட்டுகிறார்கள். பல கேமராக்களும் போன்களும் குறைந்த நிறப் படிகள் கொண்ட 8 பிட்டில், 4:2:0 என்ற முறையில் பதிவு செய்கின்றன. 4:2:0 என்றால், வெளிச்சத் தகவல் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும், நிறத் தகவலோ நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். அதிலிருந்து கூர்மையான நிற மாஸ்க் கிடைக்காது! மாஸ்க்கைக் கொஞ்சம் பிளர் செய்யலாம், நாய்ஸ் இருந்தால் முதலில் அதைக் குறைக்கலாம். பிளரை அதிகமாக்கினால் உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், அது பிசிறைவிட மோசம்.

தோல் நிறம்தான் அதிகம் ஏமாற்றுவது. யாருடைய தோலாக இருந்தாலும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரே திசையில்தான் வெக்டர்ஸ்கோப்பில் (நிறங்களை வட்டத்தில் காட்டும் கருவி) விழும். மரம், மணல், மஞ்சள் விளக்கு பட்ட சுவர் எல்லாமும் அந்தப் பக்கத்திலேயே நிற்கின்றன. நிறத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாத ஷாட்டுகள் உண்டு. அதில் எல்லையை இறுக்கி இறுக்கி மாஸ்க்கை ஓட்டையாக்குவதைவிட, முகத்தைச் சுற்றி ஒரு விண்டோ (வடிவ எல்லை) வரைந்து, அது ஆளோடு நகரும்படி டிராக் செய்வது எவ்வளவோ மேல். டிராக் செய்ய மறந்தால், ஆள் நகர்ந்ததும் திருத்தம் காற்றில் நிற்கும்.

சரி, ஒரு ஃபிரேமில் நன்றாக இருக்கிறது. ஓடவிட்டுப் பார்த்தீர்களா? நின்ற படத்தில் தெரியாத மினுமினுப்பு ஓட்டத்தில்தான் தெரியும், நிழலான இடங்களில் குறிப்பாக.

நிறத்தையே முழுதாக மாற்றும்போது இன்னொன்றையும் மறக்கிறோம். சிவப்புச் சட்டையை நீலமாக்கிவிட்டாலும் அதன் சிவப்பு தாடைக்கு அடியிலும் கையிலும் பிரதிபலித்துக்கொண்டே இருக்கும். அந்த இடங்களில் தனியாக ஒரு மாஸ்க் போட்டுச் சிவப்பைக் குறைக்காவிட்டால் சட்டை ஒட்டவைத்ததுபோலத்தான் இருக்கும்.