கிளினிக் நாளுக்கு மட்டும் நல்ல பிள்ளையா? சீனி வருத்தக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதே வீட்டில் சமையல் மாறிவிடும். இரவுச் சோறு நிற்கும், பிளேன் ரீக்குச் சீனி போடாது, மறந்துபோன குளிசை நேரத்துக்கு உள்ளே போகும். அன்று காலை வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 112. டொக்டர் "நல்லாயிருக்கு" என்று அதே மருந்தை எழுதி விடுகிறார். மாதத்தின் மிச்ச 27 நாளும் உடம்புக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. வன்னியில் சீனி வருத்தம் (நீரிழிவு) கட்டுப்படாமல் போவதற்கு மருந்தின் குறையைவிட இந்தக் கண்கட்டு வித்தைதான் பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. குளிசை முடிந்து ஒரு கிழமை போடாமல் இருந்துவிட்டு, ஏச்சு விழும் என்ற பயத்தில் அதைச் சொல்லாமல் போய் இருக்கிறார்கள். சீனி 260 காட்டுகிறது. மருந்து போட்டும் 260 என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டுகிறார். வீட்டுக்கு வந்து கூட்டிய மருந்தை ஒழுங்காகப் போட்டதும் நாலாம் நாள் வயலில் தலை சுற்றி விழுகிறார்கள். "ஐயா, ஒரு கிழமை குளிசை இல்லை" என்ற ஒரு வசனம் இதைத் தடுத்திருக்கும். ஏச்சு விழலாம். வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றுச் சீனி அந்த ஒரு காலையைத்தான் சொல்லும். எச்.பி.ஏ.1.சி. சோதனை கடந்த 2, 3 மாதத்தின் சராசரியைச் சொல்லும். அது 7 என்றால் சராசரிச் சீனி ஏறத்தாழ 154. 9 என்றால் 212. பெரும்பாலானவர்களுக்கு 7க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். வயது போனவர்களுக்கும் அடிக்கடி சீனி இறங்குகிறவர்களுக்கும் 8 வரை விடுவார்கள். கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மருந்து மாறுகிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லையென்றால், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் ஒரு சீனி பாருங்கள். அது 180க்குக் கீழே இருக்க வேண்டும். காலையில் 110, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு 270 என்று இருப்பவர்கள் நிறையப் பேர்.

கிளினிக் காலையில் நடக்கும் பிழை

துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியமுன் எழும்புகிறவர், பழக்கத்தில் சீனியை இறக்கும் கிளிக்ளசைட் குளிசையைப் போட்டுவிடுகிறார், அல்லது இன்சுலினை ஏற்றிவிடுகிறார். இரத்தம் கொடுக்க வேண்டுமென்று சாப்பிடுவதில்லை. நம்பர் எடுத்து, வரிசையில் நின்று, பத்து மணி தாண்டும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. "பஸ்ஸில வந்த களை" என்று பக்கத்தில் இருப்பவர் விசிறுவார். அது களை இல்லை, சீனி இறங்குகிறது.

முதல் நாள் இரவு வழமையான சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். பட்டினி 8 முதல் 10 மணித்தியாலம் போதும். காலையில் பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், தேத்தண்ணி கூடாது. சீனிக்குரிய குளிசையையும் இன்சுலினையும் சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். இரத்தம் கொடுத்த பிறகுதான் மருந்து, அதன் பின் சாப்பாடு. பிறஷர் குளிசையை அன்று காலையில் போடலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலருக்குப் போடலாம்.

சீனி 70க்குக் கீழே போனால், அல்லது அளக்க வசதி இல்லாமல் நடுக்கமும் வியர்வையும் வந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிஸ்கட் வேண்டாம், அது மெல்லத்தான் ஏறும். 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தடவை. சரிவந்ததும் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

இரண்டு கொப்பி, இரண்டு டொக்டர்

அரச கிளினிக்கில் ஒரு கொப்பி. டவுணில் பின்னேரம் பார்க்கும் குடும்ப வைத்தியரிடம் இன்னொரு துண்டு. இரண்டு பேரும் மற்றவர் எழுதியதைக் காண்பதில்லை. கிளினிக்கில் கிளிக்ளசைட் 80 மில்லிகிராம் காலையும் இரவும் கொடுத்திருப்பார்கள். தனியார் துண்டில் டயமிக்ரோன் என்று இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. பெயரும் நிறமும் வேறு என்பதால் இரண்டையும் போடுகிறார்கள். மெற்போமின் என்ற மற்றச் சீனிக் குளிசையிலும் இதே கதை நடக்கும்.

அதனால் எங்கே போனாலும் ஒரே கொப்பி. தனியாரிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும், போடுகிற குளிசைகள் எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டும் கொண்டுபோங்கள். நாட்டு வைத்தியரின் சூரணம், பாவற்காய்ச் சாறு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சாறு குடிப்பதால் கொஞ்சம் சீனி குறையலாம், ஆனால் கிளிக்ளசைட்டோடு சேர்ந்தால் தேவைக்கு மேல் இறங்கலாம். மருந்தை நிறுத்திவிட்டுச் சாற்றை நம்பியவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வன்னியில் டொக்டர்மாருக்கு இடமாற்றம் வந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவருக்கு உங்கள் பழைய கதை தெரிய வேண்டுமென்றால் அது கொப்பியில்தான் இருக்க வேண்டும். ஒரு மருந்து ஏன் நிறுத்தப்பட்டது (வயிற்றோட்டமா, கால் வீக்கமா) என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் புதியவர் அதே மருந்தைத் திரும்பத் தொடங்குவார். முடியுமானால் ஒரே குடும்ப வைத்தியரிடம் நில்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் போன வருடம் 0.9, இந்த வருடம் 1.3 என்றால், தனித்தனியாகப் பார்க்கிறவருக்கு இரண்டும் பெரிதாகத் தெரியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்தான் மருந்தை மாற்றுவார்.

லண்டன் மீற்றர்

லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மகன் சீனி பார்க்கும் மீற்றர் அனுப்பியிருப்பார். அங்கே அளவு மில்லிமோலில். இங்கே நாங்கள் பேசுவது மில்லிகிராமில். மீற்றர் 11.5 காட்டும். "பதினொண்டுதானே" என்று அம்மா சந்தோஷமாக இருப்பார். 18ஆல் பெருக்கினால் அது 207. மறுபுறம், 3.9 என்பது 70. அதற்குக் கீழே போனால் சீனித் தண்ணீர் குடிக்க வேண்டிய நேரம். புள்ளி வைத்து எண் வந்தால் 18ஆல் பெருக்குங்கள் என்று மீற்றர் உறையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த மீற்றருக்குரிய ஸ்ரிப் (இரத்தத் துளியை வைக்கும் துண்டு) இங்கே பாமசியில் கிடைக்குமா என்று பார்த்த பிறகு அனுப்பச் சொல்வது நல்லது. ஸ்ரிப் முடிந்ததும் அலுமாரியில் கிடக்கும் மீற்றர்கள் ஏராளம்.

விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் உரித்த கையில் பார்த்தால் இல்லாத சீனியும் ஏறிக் காட்டும். தினமும் பார்க்க வசதியில்லாதவர், கிளினிக்குக்கு முந்திய கிழமையில் சாதாரணமாகச் சாப்பிடும் மூன்று நாளில் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் பார்த்து, என்ன சாப்பிட்டது என்பதோடு எழுதிக் கொண்டுபோனால் போதும்.

இன்சுலினும் வெயிலும்

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும். பிரிஜ் என்றால் கீழ்த்தட்டு. மேலே ஐஸ் பெட்டியில் உறைந்தால் அதை எறியத்தான் வேண்டும். பாவிக்கத் தொடங்கிய குப்பி நான்கு கிழமை வரை. பிரிஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்று மணல், மணல் எப்போதும் ஈரமாக. குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டிச் சின்னப் பானைக்குள் வைத்து மூடி, காற்றுப் படும் நிழலில் வையுங்கள். வைகாசி வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒரு பகல் கிடந்த இன்சுலினை நம்ப வேண்டாம். மருந்து ஒழுங்காக ஏற்றியும் காரணமில்லாமல் சீனி ஏறினால் முதலில் குப்பியைச் சந்தேகியுங்கள்.

கலங்கலான கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையில் மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக்கூடாது. உருட்டியும் கட்டியாக நின்றால் பாவிக்காதீர்கள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கட்டி விழும். அங்கே நோகாது என்பதால் அங்கேயே குத்த மனம் வரும், ஆனால் அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது.

இந்தியாவிலிருந்து ஊசி கொண்டுவருகிறவர்கள் கவனம். அங்கே மில்லிலீற்றருக்கு 40 யூனிற் கணக்கில் கோடு போட்ட ஊசி (சிவப்பு மூடி) இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மில்லிலீற்றருக்கு 100 யூனிற் உள்ள குப்பியிலிருந்து அந்த ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிற்.

முதுகுநோவுக் குளிசை

நாற்று நட்டு முதுகு நோகும்போது பாமசியில் "ஒரு நோவுக் குளிசை தாங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் டைகுளோபினாக் வரும். சீனியும் பிறஷரும் உள்ளவரின் சிறுநீரகத்துக்கு, அதுவும் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கிற நாளில், அது விஷம் மாதிரி. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோயும் இருக்கிறது. பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு போடலாம், நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். சில நாளில் மாறாத நோவை டொக்டரிடம் காட்டுங்கள். என்ன கலந்தது என்று தெரியாத வாதக் குளிசையில் ஸ்ரிரோயிட் இருந்தால் சீனி தாறுமாறாக ஏறும்.

காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம் வந்தால் இன்சுலினை நீங்களாக நிறுத்தக்கூடாது. சாப்பாடு குறைந்தாலும் வருத்தம் சீனியை ஏற்றும், அளவை டொக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். மெற்போமினையோ, நீர் வறண்டிருக்கும்போது நிறுத்திவைக்க வேண்டிவரும். வயலுக்குப் போய் வந்து காய்ச்சலென்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கந்தசட்டியோ நோன்போ பிடிக்கிறவர் இரண்டு கிழமை முந்தியே சொல்லிவிட்டால் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்கள். சொல்லாமல் பட்டினி கிடந்து வழமையான கிளிக்ளசைட்டைப் போடுவதுதான் பிழை.

கோப்பையும் காலும்

"சோறு விட்டிட்டன், இரவில புட்டுத்தான்" என்பார்கள். புட்டும் அரிசிதான். குரக்கன் மாவும் மாச்சத்துத்தான். மொட்டைக்கறுப்பன் (சிவப்பரிசி) சோறு கொஞ்சம் மெதுவாக ஏறும், ஆனால் மலைபோல் போட்டால் அந்த நன்மை போய்விடும். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு சோற்றில் 40 முதல் 45 கிராம் மாச்சத்து. சாப்பாட்டுக் கோப்பையில் (தட்டில்) பாதி இலைக்கறியும் மரக்கறியும், கால்வாசி மீனோ பருப்போ, கால்வாசி சோறு. பனங்கட்டி கடித்துக் குடிப்பதும் சீனி போட்டுக் குடிப்பதும் இரத்தத்துக்கு ஒன்றுதான். பாலைப்பழக் காலத்தில் ஆசைக்கு ஒரு கைப்பிடி சாப்பிடலாம், அன்றைய சோற்றில் அதைக் கழித்துவிட வேண்டும்.

காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியது தெரியாது, புண் மணக்கும்போதுதான் தெரியவரும். வயலால் வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ பேரப்பிள்ளையைக் கொண்டோ பார்க்க வேண்டும். ஆணிக்கு பிளேட் வைக்கக்கூடாது. மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர்கள் இங்கே பலர். அவர்களுக்கு மற்றக் காலில்தான் பாரமெல்லாம். செயற்கைக் காலைக் கழற்றியதும் இழந்த காலின் மிச்ச முனையையும் தினமும் பாருங்கள். சிவந்து கொப்புளம் கண்டால், ஆறும் வரை செயற்கைக் காலைப் போடாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை கண், கால், சிறுநீரில் அல்புமின், கிரியேற்றினின் நான்கும் பார்க்க வேண்டும். டொக்டர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். கண் சோதனைக்கு மருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கி, வெயிலில் கூசும். அன்று மோட்டார் சைக்கிளை ஓட்ட வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.