கோவிட் வந்துபோன சுகர்காரர்கள் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் விதம்

காரைக்குடியில் லேப் டெக்னீஷியனாக இருப்பதால், தெருவில் இருக்கும் ஆச்சிமார்கள் டாக்டரிடம் போகுமுன் ரிப்போர்ட்டை என்னிடம்தான் நீட்டுவார்கள். "தம்பி, லிம்போசைட் கொறைவுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கே, எதிர்ப்புச் சக்தி போயிருச்சா?" லிம்போசைட் என்பது கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. கோவிட் வந்துபோன, சுகரும் உள்ளவர்களுக்கு இந்தப் பயம் கூடுதல்.

அந்தத் தடித்த எழுத்து பெரும்பாலும் சதவீதத்துக்குத்தான் விழும். அதை எண்ணிக்கையாக மாற்றுங்கள்: டோட்டல் கவுண்டை, அதாவது மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையை, லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். ஒருவருக்கு டோட்டல் கவுண்ட் 12,000, லிம்போசைட் 18 சதவீதம் என்றால் 2,160 வரும். இன்னொருவருக்கு அதே 18 சதவீதம், டோட்டல் கவுண்ட் 4,500 என்றால் 810தான். பெரியவர்களுக்குச் சுமார் 1,000-க்குக் கீழே போனால்தான் குறைவு. முதலாமவருக்கு லிம்போசைட் குறையவே இல்லை, நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளை அணு வகைதான் கூடியிருக்கிறது. அவர் பார்க்க வேண்டியது கால் விரலிடுக்கு, பல் ஈறு, சிறுநீர் இவற்றில் எங்காவது கிருமி இருக்கிறதா என்பதை.

அடுத்தது தேதி. கோவிட் காய்ச்சலில் லிம்போசைட் இறங்குவது வழக்கம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தால் கணக்கு மாறும். அந்த ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், நியூட்ரோபிலை ஏற்றும், லிம்போசைட்டை இறக்கும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி, ஸ்டீராய்டு நிறுத்திய தேதியை ரிப்போர்ட்டின் தலையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். கோவிட்டுக்கு முந்தைய ரிப்போர்ட் வீட்டில் கிடந்தால் அதையும் சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

சுகருக்கு ஹெச்பிஏ1சி பாருங்கள். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதன் வாசல்படி. இது இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரி. கல்யாண வீட்டில் தின்ற இரண்டு கந்தரப்பத்துக்கு இது அசையாது. ஸ்டீராய்டால் ஏறிய சுகர் இறங்கிவிட்டதா என்று இதில் தெரிய, மருந்து நின்று மூன்று மாதமாவது ஆக வேண்டும். அதுவரை ஃபாஸ்டிங்கும் சாப்பிட்ட பின் எடுப்பதும்தான் வழி. ஹீமோகுளோபினையும் ஒரு பார்வை பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

இனி, எண்ணிக்கை சொல்லாத சங்கதி ஒன்று. ஸ்லைடில் லிம்போசைட் உருண்டையாக, கருநீலக் கருவைச் சுற்றி மெல்லிய நீல விளிம்போடு தெரியும். அது லிம்போசைட்டின் உட்பிரிவுகளான சிடி4 வகையா சிடி8 வகையா என்று மைக்ராஸ்கோப்பில் யாராலும் சொல்ல முடியாது; அதற்கு செல்களை லேசரில் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும். டாக்டர் கேட்காமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள். நியூட்ரோபிலும் அப்படித்தான். எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் சுகர் ஏறிக் கிடந்தால் கிருமியைப் பிடித்து விழுங்குவதில் மந்தமாகிவிடும். 2021-ல் கருப்புப் பூஞ்சை சுகர்காரர்களைக் குறிவைத்ததில் இந்த மந்தத்துக்கும் ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு.

லிம்போசைட் 1,000-க்குக் கீழே இருந்தால் சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுங்கள். அப்போதும் ஏறாவிட்டால், அல்லது காய்ச்சல், எடை குறைவு, ஆறாத புண் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையும் வேண்டும். சுகர்காரர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.