பையரிடம் ஆங்கிலத்தில் பேசும்போது

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைப் பேசி முடித்துச் சரக்கு கிளம்பும்வரை கவனிப்பவராகச் சேருகிறவர்களுக்குத் துணியின் ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை), துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கும் சில மாதங்களில் பிடிபட்டுவிடுகின்றன. ஜெர்மனியிலிருந்து பையர், அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்தின் ஆள், அழைத்தால் மட்டும் வாய் உலர்ந்துபோகிறது. இதை அறிவுக்குறைவு என்று எண்ணிக் குன்ற வேண்டாம். அயல்மொழி வகுப்பில் எழும் அச்சத்தை அளக்கவே மொழிக்கல்வி ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸும் அவருடன் இருவரும் 1986இல் 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். கொங்கு நாட்டில் ஒருவர் பேசும்போது இடையிடையே 'சரிங்க, சரிங்க' என்பது கேட்டுக்கொண்டிருப்பதற்கான அடையாளமே தவிர ஒப்புதல் அன்று. பதற்றத்தில் அதுவே 'யெஸ், யெஸ்' என்று வெளிவர, விலையில் 15 சென்ட் குறைக்க நாம் இசைந்துவிட்டதாகப் பையர் குறித்துக்கொள்கிறார். இலக்கணப் பிழையால் ஆர்டர் கெட்டு நான் பார்த்ததில்லை. இந்த 'யெஸ்'ஸால் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக 'லெட் மீ செக் அண்ட் கன்ஃபர்ம் பை மெயில்' என்பதை நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

காதில் சரியாக விழாததைத் திரும்பக் கேளுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோலவே ஒலிக்கும். 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?' என்று கேட்டால் தீர்ந்தது. நம் பேச்சில் 'ங்க' சேர்த்து யாரிடமும் எதையும் கேட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அது இல்லாததால் மரியாதை குறைந்துவிடுமோ என்று தயங்குகிறோம். அந்த வேலையை 'குட் யூ ப்ளீஸ்' (could you please) செய்துவிடும்.

பேச்சு திணறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 'சரக்கு வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்குக் கிளம்பும்' என்று தமிழில் அமைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் போனால், ஆங்கிலத்தில் உடனே தேவைப்படும் வினை தமிழ் வாக்கியத்தின் வாலில் நிற்கிறது. ஆகவே 'வீ வில் ஷிப்', 'வீ நீட்', 'வீ கேனாட்' என வினை முன்னால் வரும் நாலைந்து தொடர்களைப் பழகிக்கொண்டால், மற்றவை பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜெர்மனிக்காரருக்கும் ஆங்கிலம் படித்து வந்த மொழிதான்.

ஜெர்மனியில் காலை 9 மணி ஆகும்போது நமக்குக் குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 12.30. முற்பகல் முழுவதும் நம் கையில் இருக்கிறது. ஆர்டர் எண், உருப்படி எண்ணிக்கை, லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமேற்றிய சிறு மாதிரித் துணி) ஒப்புதல் நிலை, சரக்கு கிளம்பும் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, சாம்பிள் அறையில் சக ஊழியர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

அப்படியும் கை நடுங்கினால், முதல் வாரம் மூத்தவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அனுப்பும் தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் துணி நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.