தக்காளி கேட்டால் தக்காளி வரவேண்டும்: ஸ்பானிஷ் பேசத் தொடங்குவது எப்படி

மெக்சிகோ நகரத்துக்குப் போன முதல் வாரம். ஆறு மாதம் கைபேசிச் செயலியில் படித்த தைரியத்தில் கொயோவாக்கான் பக்கம் ஒரு சந்தைக்குப் போய், "உன் கீலோ தே தொமாத்தே, போர் ஃபவோர்" (ஒரு கிலோ தக்காளி கொடுங்க) என்றேன். கடைக்காரர் காகிதம் போன்ற தோல் மூடிய பச்சைக் காய்களை அள்ளித் தராசில் போட்டார். மத்திய மெக்சிகோவில் தொமாத்தே என்றால் அந்தப் பச்சைக் காய்தான். நம் சிவப்புத் தக்காளிக்கு அங்கே ஹித்தோமாத்தே என்று பெயர். அது தெரியாதது கூடப் பரவாயில்லை. "இது இல்லைங்க, அது" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பேசாமல் காசு கொடுத்து வாங்கி வந்து, அன்றைக்கு அதிலேயே ரசம் வைத்தேன். புளிப்பு நன்றாகத்தான் இருந்தது.

என் தவறு எதுவென்று பிறகு புரிந்தது. தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷ் படித்திருக்கிறேன். ஆங்கிலம் பேசுபவர்களுக்குக் கஷ்டமான பல விஷயங்கள் நமக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. நமக்கென்று தனியாக உள்ள பள்ளங்களை ஆங்கிலப் பாடங்கள் சொல்வதே இல்லை. ஆகவே இந்தப் பாடம் தமிழிலிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: வாயைத் தயார் செய்யுங்கள்

ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. எங்கே வந்தாலும் ஒலி மாறாது. எச் எழுத்து ஊமை, அதனால் வணக்கம் சொல்வது 'ஓலா'. ஜே எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஹ. வி எழுத்தும் பி எழுத்தும் ஒரே ஒலி. ஞ நம்மிடம் இருக்கிறது, ஆகவே 'மஞானா' (நாளை) சுலபம். ஆனால் வயது சொல்லும்போது 'அஞோஸ்' (ஆண்டுகள்) என்பதில் ஞவை விட்டு 'அனோஸ்' என்றால் அது ஆசனவாய். முப்பது வயது என்று சொல்ல வந்து வேறெதையோ சொல்லிவிடுவீர்கள்.

எல்லாம் என்பதற்கு 'தோதோ' என்பார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் நான் டோடோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் தமிழில் எழுதி, தமிழாகவே வாசித்துப் பாருங்கள். முதல் த 'தலை'யில் வரும் த, இரண்டாவது 'அது'வில் வரும் மெல்லிய த. ஸ்பானிஷிலும் அப்படியேதான். அங்கே டி (d) எழுத்து, இங்கே த; சொல்லுக்கு நடுவே வரும்போது மென்மையாவது இரண்டுக்கும் பொது.

அப்புறம் ற. 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். நாக்கு நுனி பலமுறை அதிர வேண்டும். குமரி மாவட்டத்திலும் ஈழத்திலும் ரவையும் றவையும் பிரித்துச் சொல்பவர்கள் இன்னும் உண்டு. எங்கள் நாகர்கோவில் அத்தை 'கறி' என்று சொல்வதை நினைத்துக்கொண்டுதான் நான் அரிசிக்கு 'அறோஸ்' என்று சொல்லப் பழகினேன். சென்னைக்காரர்கள் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

இனி பள்ளம். பந்து, தங்கம், பாம்பு என்று சொல்லிப் பாருங்கள். மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நம் வாய் தானாகவே மென்மையாக்கிவிடும். ஸ்பானிஷில் இது வம்பு. 'குவான்தோ' என்றால் எவ்வளவு, 'குவாந்தோ' என்றால் எப்போது. முதல் சொல்லில் 'பத்து'வில் வரும் கடினமான த் வேண்டும். விலை கேட்ட இடமெல்லாம் நான் 'எப்போது, எப்போது' என்று கேட்டுத் திரிந்திருக்கிறேன். நல்லவேளை, காயைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டதால் புரிந்துகொண்டார்கள். இந்தப் பாடத்தில் ன்த என்று எழுதினால் கடினமாகவும் ந்த என்று எழுதினால் 'பந்து' போலவும் வாசியுங்கள். ஐந்து என்பது ஸிங்கோ அல்ல, 'ஸின்க்கோ'. நேரம் தியெம்போ அல்ல, 'தியெம்ப்போ'.

இன்னொரு பள்ளம் சொல்லின் தொடக்கத்தில். 'பாட்டி'யில் வரும் பவோடு 'பேஸோ' என்றால் மெக்சிகோ நாணயம். 'பஸ்'ஸில் வரும் பவோடு சொன்னால் முத்தம். கடைக்காரரிடம் இருபது முத்தம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

பயிற்சி சுலபம். யாராவது ஸ்பானிஷில் பேசும் ஒலிப்பதிவில் அரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேசப் பேச, நிறுத்தாமல் கூடவே சொல்லுங்கள், பின்பாட்டு பாடுவது போல. உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். முதல் இரண்டு வாரம் இது போதும்.

இரண்டாம் படி: மாட்டிக்கொண்டால் தப்பிக்கும் வாக்கியங்கள்

பாடப் புத்தகங்கள் பேனா, மேசையில் தொடங்கும். (மேசை நமக்குப் போர்த்துக்கீசியர் வழி வந்தது, ஸ்பானிஷிலும் 'மேஸா'தான்.) நான் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்வது புரியாதபோது சொல்லும் வாக்கியங்களை.

நோ என்தியேந்தோ: புரியவில்லை.
மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்: கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.
ஓத்ரா வேஸ்: இன்னொரு முறை.
கோமோ ஸே தீஸே எஸ்தோ: இதை எப்படிச் சொல்வது?
எஸ்தோய் அப்ரெந்தியேந்தோ: கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மெக்சிகோவில் காதில் விழாதபோது 'மாந்தே?' என்பார்கள். 'சொல்லுங்க?' என்று நாம் பணிவாகக் கேட்பது போல. தக்காளிக் கடையில் எனக்கு வேண்டியிருந்தது இந்த ஐந்தாறு வாக்கியங்கள்தான், ஆயிரம் சொற்கள் அல்ல.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால் நாம் "வந்து..." என்று இழுப்போமே, அதற்கு அங்கே 'எஸ்தே...'. அதாவது என்பதற்கு 'ஓ ஸேயா'. இந்த இரண்டையும் சரியான இடத்தில் போட்டுவிட்டால், பேச்சு தடுமாறினாலும் எதிரில் இருப்பவர் பொறுமையாகக் காத்திருப்பார்.

மூன்றாம் படி: நான்கு வினை, ஒரு வால்

வினைத்திரிபு அட்டவணையைப் பார்த்துப் பயந்து விட்டவர்கள் நிறைய. பேச ஆரம்பிக்க அது வேண்டாம். 'சாப்பிட' என்ற எச்சத்தை வைத்துக்கொண்டு நாம் என்னென்ன சொல்கிறோம்? சாப்பிடப் போகிறேன், சாப்பிட முடியும், சாப்பிட்டாக வேண்டும். ஸ்பானிஷிலும் இதே வித்தைதான், வரிசை மட்டும் தலைகீழ்.

போய் ஆ கொமேர்: சாப்பிடப் போகிறேன்.
கியேரோ கொமேர்: சாப்பிட விரும்புகிறேன்.
புவேதோ கொமேர்: என்னால் சாப்பிட முடியும்.
தேங்கோ கே கொமேர்: சாப்பிட்டாக வேண்டும்.

முதலாவதில் வருவது 'பஸ்'ஸின் ப, ஆனாலும் 'போய்' என்றால் போகிறேன் என்பது தமிழனுக்கு மறக்குமா? கொமேர் இருந்த இடத்தில் கொம்ப்ரார் (வாங்க), பகார் (பணம் கட்ட), பெர் (பார்க்க), ஆப்லார் (பேச) என்று மாற்றிக்கொண்டே போங்கள். நான்கு தொடக்கமும் இருபது வினையும் இருந்தால் எண்பது வாக்கியம் கையில். ஒரே எச்சரிக்கை: ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குச் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்' மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. 'தொமார்' என்று சொல்லிவிட்டால் எங்கேயும் பிரச்சினை இல்லை.

'நான்' என்பதைச் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். 'வந்தேன்' என்றாலே நான்தான் என்று தெரிகிறது அல்லவா? அங்கேயும் வினையின் வாலே ஆளைச் சொல்லிவிடும்: ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்). வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ, யோ' என்று சொல்வது ஆங்கிலப் பழக்கம். கேட்பவருக்கு "நானாக்கும், நானாக்கும்" என்று பீற்றுவது போலக் கேட்கும்.

நான்காம் படி: 'எனக்கு' வாக்கியங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதில் காபிதான் எழுவாய், நான் ஓரமாக 'எனக்கு' என்று நிற்கிறேன். ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே'. அதே கட்டுமானம், அதே ஓரம். எனக்குத் தலை வலிக்கிறது: 'மே துவேலே லா கபேஸா'. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கி மாதக்கணக்கில் முட்டிக்கொள்வார்கள். 'மே' என்ற இடத்தில் 'எனக்கு' என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு வேலை முடிந்தது. பிடித்த பொருள் பன்மையானால் மட்டும் 'மே குஸ்தான்'.

பசிக்கு இது செல்லாது. 'தேங்கோ ஆம்ப்ரே', பசி வைத்திருக்கிறேன் என்பார்கள். வயதையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

ஐந்தாம் படி: ஸோய், எஸ்தோய்

இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'ஐ ஆம்' ஒன்றுதான் என்பதால் எல்லோரும் குழம்புவார்கள். தமிழில் ஒரு குறுக்கு வழி உண்டு. 'நான் டாக்டர்' என்பதில் வினையே இல்லை, அங்கே ஸோய். 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்று இரு வந்தால் எஸ்தோய். முழுக்கச் சரியான விதி இல்லை: உயரம், நிறம், குணம் ஆகியவற்றுக்கு நாம் 'உயரமாக இருக்கிறேன்' என்போம், அவர்கள் ஸோய் என்பார்கள். ஆனாலும் முதல் மூன்று மாதத்துக்கு இது தாங்கும்.

ஆண்பால் பெண்பாலுக்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை. மேசை பெண், புத்தகம் ஆண். அஃறிணைக்குப் பால் பார்க்காத நமக்கு இது அநியாயமாகத்தான் படும். சொல்லைத் தனியாகப் படிக்காமல் லா மேஸா, எல் லிப்ரோ என்று ஒட்டியே படியுங்கள். தப்பாகச் சொன்னாலும் புரியும், அதனால் இதற்காகப் பேச்சை நிறுத்த வேண்டாம்.

நீ, நீங்கள் விஷயத்தில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். அர்ஜென்டினாவில் தூ இருக்கும் இடத்தில் 'போஸ்' வரும். சந்தேகம் வந்தால் உஸ்தேத். ஊரில் செய்வதுதானே.

ஆறாம் படி: சந்தைக்குப் போங்கள்

எண்களை வரிசையாகப் படிக்காதீர்கள். தெருவில் போகும் வண்டி எண்களை இரண்டிரண்டாகப் பிரித்து உரக்கச் சொல்லுங்கள். தோஸ் இரண்டு, தோஸே பன்னிரண்டு. ஸெஸேன்தா அறுபது, ஸெத்தேன்தா எழுபது. இந்த ஜோடிகளில்தான் பணம் போகும்.

பிறகு இந்த உரையாடலை இரண்டு பக்கமும் நீங்களே பேசிப் பாருங்கள்.

"கே லே தோய், குவேரித்தா?" (என்ன தரட்டும்?)
"ஆ கோமோ எல் ஹித்தோமாத்தே?" (தக்காளி எப்படி?)
"ஆ த்ரெயின்தா எல் கீலோ." (கிலோ முப்பது.)
"மே தா மேதியோ, போர் ஃபவோர்." (அரைக் கிலோ கொடுங்க.)
"அல்கோ மாஸ்?" (வேற ஏதாவது?)
"நாதா மாஸ். குவான்தோ எஸ்?" (அவ்வளவுதான். எவ்வளவு ஆச்சு?)

குவேரித்தா என்றால் சிவத்த பெண்ணே என்று பொருள். என் நிறத்துக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தியது என்று யோசிக்காதீர்கள், மெக்சிகோ சந்தையில் எல்லாப் பெண்களும் குவேரித்தாதான். நம் ஊரில் முகம் தெரியாதவரை 'அக்கா' என்பது மாதிரி. நீங்கள் இந்தியா என்று சொன்னால் 'இந்தூ' என்பார்கள், உங்கள் மதத்தைக் கேட்கவில்லை. மிளகாய் வாங்கும்போது 'பீக்கா?' (காரமா?) என்று கேட்டால், 'நோ பீக்கா' என்ற பதில் வரும். நம்ப வேண்டாம். மிளகாய் நம் சமையலுக்கு வந்து சேர்ந்ததே அந்த மண்ணிலிருந்துதான். அவர்கள் காரக்கணக்கு நம்முடையதற்குக் குறைந்ததல்ல.

ஏழாம் படி: ஆள் பிடியுங்கள்

ஆறாவது வாரத்துக்கு மேல் தனியாகப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். இணையத்தில் மொழி மாற்றிக்கொள்ளும் துணை கிடைப்பார்கள்: பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் அவருக்கு வேண்டிய மொழி. முதல் சந்திப்புக்கு இருபது நிமிடம் போதும். எதைப் பற்றிப் பேசுவது என்று முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள், 'நேற்று என்ன சமைத்தேன்' மாதிரி. நடுவில் திருத்த வேண்டாம், கடைசியில் மூன்று தவறு மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தும் ஒருவரிடம் நான் ஒரு மாதம் படித்தேன். அந்த மாதம்தான் குறைவாகப் பேசினேன்.

சான்றிதழ் தேவைப்படுபவர்களுக்கு ஸ்பெயின் அரசு 1991-ல் தொடங்கிய செர்வான்தெஸ் நிறுவனம் இருக்கிறது, டெல்லியிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. தெலே என்ற தேர்வு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளில் நடக்கிறது. அரட்டைக்கும் சந்தைக்கும் அது வேண்டியதில்லை.

ஊர் திரும்பும் முன் அதே கடைக்குப் போனேன். "ஹித்தோமாத்தே, எல் றோஹோ" என்றேன், சிவப்பு என்பதை விரலாலும் காட்டி, ற நன்றாக அதிரும்படி. அவர் அரைக் கிலோ நிறுத்துவிட்டு, மேலே இரண்டு பச்சைக் காயையும் போட்டார்.