அடுத்தவர் வயல் வழியே தயங்காமல் நடக்க

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில், சர்ச் ஸ்ட்ரெட்டன் பக்கம் ஒரு சின்னக் கிராமம். புதிதாகக் குடிவருபவர்கள் தார் ரோட்டிலேயே நடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ரோடு ஒரு கார் அகலம்தான், இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர்வேலி, ஒதுங்க இடமில்லை. வயலுக்குள் இறங்கி நடங்கள். இங்கிலாந்தில் பொதுப்பாதை என்று பதிவான பாதை யாருடைய நிலத்தில் போனாலும், அதில் நடக்க நமக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

முதலில் உங்கள் பகுதிக்கான எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை வாங்குங்கள், பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடுவது. 1:25,000 அளவு என்பதால் ஒவ்வொரு வயலின் வேலியும் அதில் தெரியும். பச்சைச் சிறு கோடுகளாகப் போவது நடைபாதை. வெளியே வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்பு இருக்கும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும்.

கேட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மூடியிருந்தால் திறந்து போய் மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் அப்படியே விடுங்கள். ஆடுகள் அடுத்த வயலில் தண்ணீர் குடிக்கப் போவதற்காக விவசாயியே திறந்து வைத்திருக்கலாம். திறக்கவே முடியாத கேட் என்றால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள், அங்கேதான் பலம் அதிகம். வேலியைத் தாண்டப் போட்டிருக்கும் மரப்படி மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள்.

அப்புறம் மாடுகள். கன்றோடு நிற்கும் பசுவை லேசாக நினைக்காதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. தூரமாகச் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள். நாய் இருந்தால் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். ஆனால் மாடுகள் துரத்த ஆரம்பித்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். அவற்றின் கோபம் பெரும்பாலும் நாய் மேல்தான். நாய் ஓடித் தப்பிவிடும், உங்களால் முடியாது.

வயல் நடுவே போகும் பாதையை விவசாயி உழலாம். ஆனால் முதல் உழவிலிருந்து 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குப் பாதையைச் சரிசெய்து தர வேண்டும். பயிர் மூடிக் கிடந்தால் விவசாயியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து, கவுன்சிலின் பொதுப்பாதைப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதைக் கவனிப்பது அவர்கள் வேலை.