பையர் ‘கிரீன்’ கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஏற்றுமதி செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐரோப்பிய பையரிடமிருந்து சுற்றுச்சூழல் பற்றிப் பக்கம் பக்கமாக ஒரு கேள்வித்தாள் வரும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதைப் பார்த்துவிட்டு “அண்ணா, ஏதாவது சர்டிபிகேட் வாங்கிடலாமா?” என்பார். வாங்கலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைக்காதீர்கள். முதலில் சாயப்பட்டறைக்குப் போங்கள். தண்ணீரும் உப்பும் ரசாயனமும் கொட்டுகிற இடம் அதுதான், கேள்வித்தாளில் பாதிக்கான பதிலும் அங்கேதான் கிடக்கிறது.

உங்கள் துணிக்குச் சாயம் போடும் பட்டறையிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இயங்க அனுமதித்துத் தரும் இசைவாணையின் நகலைக் கேளுங்கள். காலாவதி தேதி, அனுமதித்த கழிவுநீர் அளவு, சொந்தச் சுத்திகரிப்பா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். அப்புறம் ஒருநாள் சொல்லாமல் நேரில் போங்கள். அவசர ஆர்டர் நேரத்தில் உங்கள் துணி அங்கே இல்லாமல் வேறு ஏதோ ஒரு பட்டறையில் இருக்கும், அந்தப் பட்டறை எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், ஊரே ஒருமுறை பட்டிருக்கிறது. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, அதைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2006 கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் நொய்யலுக்குப் போகக்கூடாது என்றது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொன்னது. அதன்பிறகுதான் கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி மீட்கும் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புநீருக்கு ஆவியாக்கி என்று முழுச் செலவும் செய்தோம். “பங்களாதேஷ் வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் போகிறது, இந்தச் செலவும் அவனுக்கு இல்லை” என்ற புலம்பல் நியாயமானதுதான். ஆனால் செலவைச் செய்துவிட்டு, அதை பையரிடம் எண்ணாகக் காட்டாமல் விடுவது யார் தப்பு?

எண் என்றால் பெரிய கணக்கில்லை. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போனது, எத்தனை லிட்டர் மீண்டும் வந்தது, எவ்வளவு உப்பு, எவ்வளவு விறகு, எத்தனை யூனிட் கரண்ட். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு சாதாரணம்; கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மெஷினில் துணியின் எடையில் பாதி அளவு உப்பு போய்விடுகிறது. மீட்டெடுத்த உப்பைத் திரும்பப் பயன்படுத்தினால் அதுவும் கணக்கில் வரவேண்டும். ஒரு வருடத்துக்கு மாதாமாதம் எழுதி வைத்தால் பையர்கள் கேட்கும் ‘ஹிக்’ (தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் மதிப்பீடு) போன்ற கேள்விப் படிவங்களை நிரப்ப கன்சல்டன்ட் தேவைப்படாது.

அடுத்தது ரசாயனம். புற்றுநோய் உண்டாக்கும் அமீன் என்ற ரசாயனத்தை வெளிவிடும் அசோ சாயங்களை ஜெர்மனி தடுத்த காலத்திலேயே இந்தப் பாடம் தொடங்கிவிட்டது, அந்த நெருக்கடியில்தான் 1997இல் இந்தியாவும் தடை போட்டது. இப்போது ஐரோப்பாவில் தடைசெய்த அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; 2021 பிப்ரவரியிலிருந்து, சோப்பு போல வேலை செய்யும் என்.பி.இ. என்ற ரசாயனத்துக்கு எடையில் 0.01 சதவீதம் வரம்பு. எனக்கு ஒரு லாட் என்.பி.இ.யில் மாட்டியது. சாயம் சுத்தமாக இருந்தது, பிரிண்டிங் பேஸ்ட்டில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து சாயம், சாஃப்ட்னர், பேஸ்ட், கறை எடுக்கும் திரவம் வரை எல்லாவற்றுக்கும் பெயர்ப்பட்டியல் வாங்கி, பையர் தரும் தடைப்பட்டியலோடு ஒப்பிட்ட பிறகுதான் துணியை அனுப்புகிறேன். துணியைச் சோதித்துப் பிடிப்பதைவிட டப்பாவிலேயே பிடிப்பது மலிவு.

சர்டிபிகேட் இப்போது. ஆர்கானிக் துணிக்கான ஜி.ஓ.டி.எஸ். என்றால் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் நார் வேண்டும், லேபிளில் வெறுமனே ‘ஆர்கானிக்’ என்று போட 95. சிக்கல் சதவீதத்தில் இல்லை, சங்கிலியில். நூல் மில்லுக்கு இருக்கிறது, உங்களுக்கு இருக்கிறது, நடுவில் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்தவருக்கு இல்லை என்றால் அங்கேயே அறுந்தது, அந்தச் சரக்கு ஆர்கானிக் என்று கைமாறியதற்கு ஆதாரமான டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட் கிடைக்காது. ஆகவே நூலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எல்லோருடைய சர்டிபிகேட்டிலும் தேதியைப் பாருங்கள்.

ஐரோப்பாவின் கார்பன் வரியைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான் அது. போல்ட் ஏற்றுமதி செய்பவர் கவலைப்படட்டும், பனியனுக்கு இன்னும் இல்லை. துணிக்கு வரப்போவது, அது எதில், எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரத்தைத் தாங்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட். அதற்கும் மேலே சொன்ன அதே கிலோ கணக்குதான் கை கொடுக்கும்.

கடைசியாக, பையருக்கு விலை சொல்லப் போடும் செலவுக் கணக்கு, அதாவது காஸ்டிங் ஷீட். சாயக்கூலிக்குள் சுத்திகரிப்புச் செலவைப் புதைத்து வைக்காமல் கீழே தனி வரியாகப் போடுங்கள். பையர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது அந்த வரியைக் காட்டி, “இதைத்தான் நீங்கள் கேள்வித்தாளில் கேட்டிருக்கிறீர்கள், இதை எடுத்துவிடவா?” என்று கேளுங்கள். எல்லா பையரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள்.